துண்டிப்பும் தொகுப்பும்: சி. வி. வேலுப்பிள்ளையை முன்வைத்து ஒரு நோக்கு

இலக்கிய வரலாறு பெரும்பாலும் நூல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஓர் எழுத்தாளனின் முதல் நூலுக்கும் அடுத்த நூலுக்கும் இடையிற் கிடக்கும் ஆண்டுகளை வரலாற்றாசிரியர் ஒரு வாக்கியத்தாற் கடந்து விடுவர். எழுதாதிருந்த காலம் அவர்களுக்கு வெற்றிடம். ஆயின், ஒரு சமூகத்தின் வாழ்வே இடையறாத துண்டிப்புகளால் ஆனதாக இருக்குமிடத்து, அச்சமூகத்தின் எழுத்தாளர் எழுதாதிருந்த ஆண்டுகளும் இலக்கிய வரலாற்றின் பகுதியாகி விடுகின்றன. அவர்கள் ஏன் நிறுத்தினர், எவ்வழியாக மீண்டனர், மீண்டபோது எதைக் கொண்டுவந்தனர், எதை இழந்தனர் என்ற வினாக்கள் திறனாய்வுக்குரிய வினாக்களே. இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து எழுந்த தமிழ் இலக்கியத்தை நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

இவ்வகையில் முதன்மையாக ஆராயத்தக்கவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914 ஆம் ஆண்டு நுவரெலியா மாவட்டத்தின் மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி., ஹற்றனிலும் பின்னர் கொழும்பிலும் கல்வி பயின்றார். இளமையில் அவரது எழுத்துமொழி ஆங்கிலம். 1930களின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'விஸ்மாஜினி' என்னும் இசை நாடகம், அக்காலத்துக் கல்வி கற்ற இளைஞர் பலரையும் ஆட்கொண்டிருந்த தாகூரின் நிழலில் முளைத்தது. கற்பனையும் இசையும் தனிமனித ஏக்கமும் கலந்த அந்தத் தொடக்கம் அப்படியே தொடர்ந்திருக்குமாயின், சி. வி. ஆங்கிலத்தில் எழுதிய இலங்கைக் கவிஞருள் மென்மையான ஒருவராக நினைக்கப்பட்டிருப்பார். அவ்வழி அவருக்கு வாய்க்கவில்லை.

1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. தோட்டத் தொழிலாளரை அமைப்புரீதியாகத் திரட்டும் பணி தீவிரமடைந்தது. சி. வி. அப்பணியில் ஈடுபட்டார். 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் காங்கிரஸின் சார்பிற் பாராளுமன்றம் சென்ற எழுவருள் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராக அவரும் ஒருவர். அடுத்த ஈராண்டுகளில் நிகழ்ந்தவை வரலாறு அறிந்தவை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இல் நிறைவேறிய இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டமும் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தலவாக்கலையில் சி. வி.யைத் தெரிவுசெய்த மக்களுக்கு வாக்கு இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் அவர் பங்குகொண்டார். சட்டசபையில் மக்களின் குரலாக அமர்ந்திருந்தவர் ஐந்தாண்டுகளுள் வீதியோரத்தில் அமர்ந்து உரிமை கேட்க நேர்ந்தது.

ஒரு மனிதனின் வாழ்வில் இதனினும் பெரிய முறிவு அரிது. பதவி இழப்பு இதிற் சிறு கூறே. தான் யாருக்காகப் பேசினானோ அம்மக்கள் சட்டத்தின் முன் இல்லாதவராகிவிட்ட நிலையில், பேசுவதற்கே பொருள் உண்டா என்ற ஐயம் எழுதல் இயல்பு. ஆயின் சி. வி.யின் மிகப் புகழ்பெற்ற கவிதை நூல் இம்முறிவை அடுத்தே வெளிவந்தது. 1950களின் முற்பகுதியில் ஆங்கிலத்தில் வந்த 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்' என்னும் அந்நெடும்பாடலைச் சக்தீ அ. பாலையா தமிழாக்கி, 1969 இல் 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயரில் வெளியிட்டார். பாரதியின் கரும்புத் தோட்டப் பாடலை அத்தலைப்பு உடனே நினைவூட்டுவது தற்செயலன்று.

'விஸ்மாஜினி'யையும் இந்நெடும்பாடலையும் அருகருகே வைத்து நோக்கினால் முறிவின் விளைவு புலனாகும். முன்னதில் இசை ஒரு தனிமனத்தின் இசை. பின்னதில் இசை விடியலில் முழங்கும் தப்பின் ஒலியிலிருந்து பிறக்கிறது. பெரட்டுக் களத்துக்கு மக்களை எழுப்பும் அதே ஒலி கவிதையின் தாளமாகிறது. கொழுந்து பறிக்கும் பெண்களும், தேயிலைச் செடியின் கீழ் மேடும் அடையாளமும் இன்றிப் புதைந்துபோன முன்னோரும் அதன் பாத்திரங்கள். கவிஞனின் 'நான்' அங்கு முற்றாக மறையவில்லை. ஆயின் அது 'நாம்' என்பதனுள் இடம்பெயர்ந்து விட்டது. சட்டம் ஒரு மக்கட் கூட்டத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கிய வேளையில், கவிதை அவர்களுக்கு வேறொரு பதிவேட்டைத் திறந்தது எனலாம். பிரசாவுரிமை கோரிய ஒவ்வொருவரும் தாம் இம்மண்ணில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்டுமாறு பணிக்கப்பட்ட காலம் அது. புதைகுழிகளையே சான்றாக முன்வைத்த கவிதையை வெறும் இரங்கற்பாவாகக் கொள்வது பொருந்தாது. அது ஒரு வழக்குரையுமாகும்.

இங்கு ஒரு கருத்து மனங்கொள்ளத்தக்கது. வாழ்வின் பெரும் இடையூறுக்குப் பின் எழுத்துக்கு மீள்வதென்பதை, விட்ட இடத்துக்குத் திரும்பி வருவதாகவே பொதுவாகக் கருதுவர். சி. வி.யின் வாழ்வு இக்கருத்தை மறுக்கிறது. விட்ட இடம் அவருக்கு இருக்கவில்லை. அவர் மீண்டது வேறோர் இடத்துக்கு. காலப்போக்கில் வேறொரு மொழிக்கும்.

அந்நூலுக்குப் பின் சி. வி.யின் நாட்களைத் தொழிற்சங்கப் பணி விழுங்கியது. தொழிற்சங்கப் பிணக்குகள், பிளவுகள், விசாரணைகள், வேலைநிறுத்தங்கள் என்று கழிந்த காலம் அது. 1960களில் நாளிதழ்களில் அவர் தமிழில் தொடர்கதைகள் எழுதினார். தோட்டத்து மாந்தரின் சொல்லோவியங்களை ஆங்கிலத்தில் தீட்டினார்; அவை 1970 இல் 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் நூலாயின. 'மாவலி' இதழின் ஆசிரியராகவும் விளங்கினார். ஆகவே நூல்களுக்கிடையிலான ஆண்டுகளைக் கொண்டு மட்டும் அவரது மௌனத்தை அளத்தல் தவறாகும். ஆயினும் நீண்ட, தடையற்ற படைப்புழைப்புக்கு வேண்டிய ஓய்வு அவருக்கு வாய்க்கவில்லை என்பதில் ஐயமில்லை. நாளிதழ்த் தொடராக வந்த 'வீடற்றவன்' நூலுருப் பெற்றது 1981 இல். அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. 1983 இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்', 1984 இல் 'இனிப் படமாட்டேன்' ஆகியன வெளிவந்தன. 1984 நவம்பரில் அவர் மறைந்தார். 'நாடற்றவர் கதை' 1987 இல் அவரது மறைவுக்குப் பின் வந்தது. ஆக, ஒரு வாழ்நாளின் தமிழ் எழுத்திற் கணிசமான பகுதி அதன் இறுதி நான்கு ஆண்டுகளிலும் அதற்குப் பின்னுமே நூல்களாகக் கைக்கு வந்து சேர்ந்தது. அந்நான்கு ஆண்டுகளும் அமைதியான ஆண்டுகளல்ல. 1977 இன் வன்செயல்களை மறக்குமுன் 1981 உம், அதனை மறக்குமுன் 1983 உம் மலையகத் தமிழரைத் தாக்கின.

சி. வி.யின் பிற்கால நூல்கள் பற்றித் திறனாய்வாளரிடையே இரு போக்குகளைக் காணலாம். அரசியல் ஒரு நல்ல கவிஞனை விழுங்கிவிட்டது என வருந்துவோர் ஒரு சாரார். மக்கட்பணி செய்தவர் எழுதியமையால் எழுத்தும் உயர்ந்ததே எனப் போற்றுவோர் மறுசாரார். இரண்டும் நூல்களை நேராக நோக்காமையின் விளைவுகளே. 'வீடற்றவன்' தோட்டத்திற் சங்கம் அமைக்க முனைந்தவனின் கதை. லயக் காம்பரா தொழிலோடு பிணைக்கப்பட்டதாகையால், தோட்டத்தில் வேலை இழப்பவன் வீட்டையும் இழக்கிறான். ஒரே கட்டளையால் ஒருவன் தொழிலாளியாகவும் குடியிருப்பாளனாகவும் இருக்கும் உரிமையை இழக்கும் அந்தப் பொறியமைப்பை உள்ளிருந்து அறிந்தவரின் கை அந்நாவலில் தெரிகிறது. இது அதன் வலிமை. அதேவேளை நிகழ்ச்சிகள் விரைந்து ஓடுகின்றன. பாத்திரங்கள் தம் இயல்பில் வளர்வதற்கு முன் அடுத்த இன்னல் வந்து சேர்கிறது. நாளிதழ்த் தொடரின் அவசரமும், எழுதும் மேசையிலிருந்து அடிக்கடி எழுந்து செல்ல நேர்ந்த வாழ்வின் அவசரமும் அந்நடையிற் பதிந்துள்ளன. இதனைக் குறையென்று கூறுதல் நேர்மை. அக்குறை எங்கிருந்து வந்தது எனக் காணுதல் திறனாய்வின் கடமை.

ஆயின் இவ்விரு போக்கினரும் ஒருசேரக் கவனியாது விட்ட நூலொன்று உண்டு. அது 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. இதனை நாட்டாரியல் என்ற பிரிவில் வைத்துவிட்டு, சி. வி.யின் படைப்புகளைப் பற்றிப் பேசும்போது ஒதுக்கிவிடுவதே வழக்கம். உண்மையில் அவரது துண்டுபட்ட இலக்கிய வாழ்வை ஒன்றாகப் பிணைக்கும் இழை இத்தொகுப்புப் பணியே ஆகும். நாவல் எழுத நீண்ட பொழுது வேண்டும். கவிதைக்குத் தனிமை வேண்டும். ஒரு தாலாட்டையோ தெம்மாங்கையோ ஒப்பாரியையோ கேட்டுக் குறித்துக்கொள்வதற்கு ஒரு கூட்டம் முடிந்து மற்றொரு தோட்டத்துக்குப் புறப்படுவதற்கு இடைப்பட்ட நாழிகையே போதும். தொழிற்சங்க வாழ்வு சி. வி.யிடமிருந்து எழுதும் நேரத்தைப் பறித்தது. ஆனால் அதே வாழ்வு அவரை லயங்களின் வாசல்களுக்கு அழைத்துச் சென்றது. எழுத முடியாத காலத்திற் கேட்பதை அவர் நிறுத்தவில்லை. முறிவுக்கும் மீட்சிக்கும் இடையிற் பாலமாக அமைந்தது தொகுப்பு.

இது சி. வி. ஒருவருக்கே உரிய தற்செயல் நிகழ்வா என்ற வினா எழலாம். மலையக இலக்கியத்தின் அடுத்த தலைமுறையை நோக்கின் அவ்வாறன்று என்பது தெளிவாகும். தெளிவத்தை ஜோசப் 1934 இல் ஊவாவின் தோட்டமொன்றிற் பிறந்தவர். தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர். அவரது 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதி 1979 இல் வெளிவந்தது. வாழ்வதற்குரிய மண் எது என்ற வினாவைத் தலைப்பிலேயே தாங்கிய அந்நூல் வந்து நான்கு ஆண்டுகளில் 1983 யூலை வந்தது. அவரது 'குடைநிழல்' நாவல் நூலாகக் கிடைத்தது 2010 இல். இனவன்செயலும் போரும் தலைநகரில் வாழ்ந்த தமிழரின் அன்றாடத்தைச் சந்தேகத்தின் கீழ் வைத்த நிலையை அந்நாவல் எடுத்துரைக்கிறது. இவ்விரு நூல்களுக்கும் இடையில் முப்பதாண்டுகள். அவ்விடைக்காலத்தில் அவர் செய்தவற்றுள் தலையாயது எது? பிறர் கதைகளைத் தேடியமையே. துரைவி பதிப்பகம் 1997 இல் வெளியிட்ட மலையகச் சிறுகதைத் தொகுப்புகளின் பின்னால் அவரது உழைப்பு இருந்தது. அவற்றுள் ஒன்றின் பெயர் 'உழைக்கப் பிறந்தவர்கள்'. சி. வி.யின் ஆங்கில நூலின் பெயர் தமிழில் மீண்டும் ஒலித்தது. தொடர்ந்து அவர் மலையகச் சிறுகதையின் வரலாற்றையும் எழுதினார். பழைய நாளிதழ்க் கோப்புகளிலும் நின்றுபோன சஞ்சிகைகளிலும் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டிய பின்னரே தம் பெரிய நாவலை நூலாக அவர் தந்தார்.

மூன்றாவது சான்று ஒரு பதிப்பாளருடையது. 'நாமிருக்கும் நாடே', என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', சி. வி.யின் 'வீடற்றவன்' ஆகிய மூன்றையும் 1979 முதல் 1981 வரை அடுத்தடுத்து வெளியிட்டது வைகறை. இராமையாவின் புகழ்பெற்ற தலைப்புக் கதை 1961 இல் வெளிவந்தது; அது நூலாவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. இம்மூன்று நூல்களும் வராதிருந்தால் மலையகப் புனைகதையின் முதற் பெரும் அறுவடை நாளிதழ்த் தாள்களோடு மக்கிப்போயிருக்கும். அப்பதிப்பகத்தை நடத்திய மு. நித்தியானந்தன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர். 1981 இல் அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த படுகொலைகளின்போது உயிர் தப்பினார். அவ்வாண்டு செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறையுடைப்பின் வழியே வெளியேறி, பின்னர் புலம்பெயர்ந்தார். பதிப்பு முயற்சி அறுந்தது. ஆயினும் 2014 இல் அவரது 'கூலித்தமிழ்' வெளிவந்தது. தோட்டத்துரைமாரின் பயன்பாட்டுக்கென எழுதப்பட்ட மொழிநூல்களையும், 1869 ஆம் ஆண்டின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' போன்ற மறக்கப்பட்ட ஆரம்ப நூல்களையும் தேடியெடுத்து ஆராயும் கட்டுரைகள் அதில் உள்ளன. முப்பதாண்டு முறிவுக்குப் பின் மீண்டவர் கைக்கொண்ட வழியும் பிறர் சொற்களைத் திரட்டும் வழியே.

கவிஞர், புனைகதையாளர், பதிப்பாளர் என மூவரின் துறையும் காலமும் வேறு. ஆயினும் மூவரும் கடந்த பாலம் ஒன்றே. இதன் காரணம் அவர்களின் தனிப்பட்ட பண்பில் மட்டும் அடங்குவதன்று. மலையகத்தில் ஓர் எழுத்தாளனுக்கு நேரும் துண்டிப்பு அவனுக்கு மட்டும் நேர்வதில்லை. பிரசாவுரிமை இழப்பும் கப்பலேற்றமும் இனவன்செயலும் கூட்டாக நேர்ந்த இழப்புகள். ஆகவே தன் மொழியை மீட்க விரும்புவோன் முதலிற் கூட்டத்தின் மொழியை மீட்க வேண்டியவனாகிறான்.

பிற நாடுகளிலும் இதற்கு ஒப்புமை உண்டு. அமெரிக்க எழுத்தாளர் டிலி ஓல்சன் 1930களில் இளம் எழுத்தாளராக அறிமுகமானார். பின்னர் கூலிவேலையும் குழந்தை வளர்ப்பும் அவரது எழுத்தை ஏறக்குறைய இருபதாண்டுகள் தடுத்தன. 1961 இற் சிறுகதைத் தொகுதியோடு மீண்டார். 1978 இல் அவர் வெளியிட்ட 'மௌனங்கள்' என்னும் நூல், வறுமையும் உழைப்பும் பெண்மையின் சுமைகளும் எழுதவிடாது தடுத்த எழுத்தாளர் பலரின் சான்றுகளைத் திரட்டித் தருவது. ஓல்சனும் தம் மௌனத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பிறர் மௌனங்களைத் தொகுக்க நேர்ந்தமை நோக்கத்தக்கது. 1930களில் அரைகுறையாக நின்ற தம் நாவலை 1974 இல் வெளியிட்டபோது, அதனை முடித்து எழுதாமல், பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பொருத்தி அப்படியே முற்றுப்பெறாத நிலையில் வெளியிட்டார். முறிவை மூடி மறைக்காது முறிவாகவே காட்டும் அந்நேர்மை, நடையின் அவசரத்தையும் மறைக்காத 'வீடற்றவன்' போன்ற நூல்களை மதிப்பிடுதற்கும் ஓர் அளவுகோலாகும்.

இவ்விடத்து மீளாதவரைப் பற்றியும் கூறாது விடுதல் நீதியன்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இற் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. மனிதரை எண்ணிக்கையாகப் பங்கிட்ட அக்கணக்கில், தலைமன்னார் வழியே கப்பலேறியோருள் எழுதத் தொடங்கியிருந்தோரும் எழுதியிருக்கக்கூடியோரும் இருந்திருப்பர். எந்தத் தொகுப்பும் அவர்களை முழுதும் எட்டாது. அவ்வாறே, நாட்டார் பாடல்களில் பாடியவரின் பெயர் பெரும்பாலும் நிலைப்பதில்லை. கொழுந்து மலையில் ஒப்பாரி கட்டிய பெண் தன் பாட்டுக்கு ஒருபோதும் 'மீண்டு' வரவில்லை. மறுநாள் விடியலிற் பெரட்டுக்கே மீண்டாள். தொகுத்தவர் தம் பெயரோடு இலக்கியத்துக்குத் திரும்ப, பாடியவர் பெயரின்றி நின்றார். தொகுப்பு ஒரு பாலம் என்று கூறும்போது, அப்பாலத்தைத் தாங்கி நின்ற தூண்களையும் நினைவிற்கொள்ள வேண்டும். இது சி. வி.யின் மீது சுமத்தும் குற்றமன்று. அவரது வழியில் இன்னும் நடக்கப்படாத தூரத்தைச் சுட்டுவதேயாகும்.

நாடற்றோர் பிரச்சினையைச் சட்ட அளவில் முடிவுக்குக் கொண்டுவருவதற்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை செல்ல வேண்டியிருந்தது. தலவாக்கலையின் உறுப்பினர் தம் மக்களின் வாக்கை இழந்தமைக்கும் அச்சட்டத்துக்கும் இடையில் அரை நூற்றாண்டு. அரசு தன் பதிவேட்டைத் திருத்துவதற்கு அத்துணைக் காலம் எடுத்தது. இலக்கியம் தன் பதிவேட்டைத் திருத்தி விட்டதா? மலையக இலக்கியம் பற்றிய வரலாறுகளில் நாவலும் சிறுகதையும் கவிதையும் தனித்தனி அதிகாரங்கள் பெறுகின்றன. தொகுப்போ பின்னிணைப்பில் ஒதுங்குகிறது. 'மலைநாட்டு மக்கள் பாடல்க'ளை 'வீடற்றவ'னின் பக்கத்தில் வைத்து, ஒன்றை மற்றதன் ஊற்றாகக் கொண்டு வாசிக்கும் வாசிப்பு இனியேனும் பரவலாதல் வேண்டும்.

எனவே, துண்டிக்கப்பட்ட வாழ்வுக்குப் பின் எழுத்துக்கு மீளுதல் என்பது மலையகத்தைப் பொறுத்தவரை ஒரு தனிமனிதனின் மனவுறுதி பற்றிய கதையாக மட்டும் அமைவதில்லை. கேட்கும் செவியை இழவாதிருத்தலும், கேட்டதைச் சேர்த்து வைத்தலும், சேர்த்ததற்குப் பின்னரே தன் குரலை எடுத்தலும் அதன் படிகளாக இருந்துள்ளன. தப்பின் ஒலிக்கு எழுந்த மக்களின் பாட்டைச் செவிமடுத்த ஒருவர், தம் எழுபதாவது வயதை அணுகிய காலத்தில், மூன்றாவது முறையாக எழுத்தாளரானார். அவர் நடந்த லயங்களில் இன்னும் மக்கள் வாழ்கின்றனர். பெயரறியாப் பாடல்களும் அங்கு இன்னும் உண்டு. அவற்றைப் பாடுவோரின் பெயரோடு எழுதிவைக்கும் கடமை பல்கலைக்கழகங்களிற் பயிலும் மலையகத் தலைமுறையின் கையிலேயே உள்ளது.